ஒரு 'ற்ற' பார்த்த வேலை

இரண்டு வருடங்களுக்கு முந்திய ஜூன் மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா எங்களைப் பார்க்க ஸ்டுட்கார்ட்டுக்கு வந்திருந்தார். திரும்பிப் போக ஒரு கிழமைதான் இருந்தது. சுற்றிவர மதில் உள்ள ஒரு பழைய ஜெர்மன் நகரத்தை எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு, அந்த மதில்மேல் ஒருக்கால் நடந்துபார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். என் கணவருக்கு லீவு இல்லை. எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. நானே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"உமக்கு ஏலாது. மூண்டு மணித்தியாலம், ரெயின் மாறி மாறிப் போகவேணும்" என்றார் இவர்.

அது சுட்டுவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், ஜெர்மன் கதைக்கத் தெரியாதவள் இல்லை. ஆனாலும் இருபது வருடமாக வங்கி, டொக்டரிடம் டெர்மின் எடுக்கிறது, பயணம் எல்லாம் அவர்தான். பிழையாய் ஏதும் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். அன்று வந்த ரோசத்தில் ஒரு சின்ன விடுதிக்கு நானே போன் எடுத்து அறை பதிந்தேன். விடுதிக்கார அம்மா கறாரான ஆள். மாலை ஐந்து மணிக்குள் வந்து அறைத் திறப்பை வாங்க வேண்டுமாம், பிறகு பூட்டிவிட்டுப் போய்விடுவாராம். எல்லாவற்றையும் ஒரு தாளில் தமிழில் எழுதினேன். ஊர்ப் பெயர்: றொற்றன்பேர்க்.

அங்கேதான் வினை. யாழ்ப்பாணத்து ஆட்கள் t சத்தத்துக்கு 'ற்ற' போடுகிறவர்கள். டிக்கெட் மெஷினில் தாளைப் பார்த்து அந்த ற்றவுக்கு இரண்டு t அடித்தேன். மெஷினும் அப்படி ஓர் ஊரைக் காட்டியது. ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். மூன்று மணித்தியாலம் என்று வெருட்டிய மனுசனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அழகான ஊர். ஆறு, பாலம், பெரிய தேவாலயம். அக்கா படம் எடுத்துத் தள்ளினார். விடுதியின் தெருவைப் போனில் தேடினால், நாலு மணித்தியாலத்துக்கு அப்பால் காட்டியது. போனுக்குத்தான் விசர் என்று நினைத்தேன். அக்காவை ஒரு மர வாங்கில் இருத்திவிட்டு, எதிரே இருந்த பேக்கரியில் மதில் எங்கே என்று கேட்டேன்.

"மதிலா?" என்றார் அங்கிருந்த பெண். "அது பெயரில் t-யும் h-ம் உள்ள ஊர். இது இரண்டு t."

நேரம் ஒன்றரையைத் தாண்டிவிட்டது. அறை போய்விடும், அக்காவின் ஆசையும் போய்விடும். விரல் தானாகவே கணவரின் நம்பருக்குப் போனது. அழுத்தவில்லை. "நான் பிழை விட்டுவிட்டேன், உதவி செய்யுங்கள்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவர் மா படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மாற வேண்டிய ரயில்களை ஒரு பேப்பர் பையில் எழுதித் தந்தார். விடுதிக்கு நீங்களே சொல்லுங்கள், உங்கள் ஜெர்மன் விளங்குகிறதுதானே என்றார்.

சொன்னேன். எந்த ரயில் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார் அந்தக் கறார் அம்மா.

வந்த வழியே திரும்பி ஸ்டுட்கார்ட்டில் இறங்கியபோது அக்கா என்னைப் பார்த்தார். "இது நாங்கள் காலமை வெளிக்கிட்ட ஸ்ரேசன் எல்லோ?"

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மதில் இனித்தானே வரும்?"

"ஓம், அக்கா."

"பிறகென்ன."

நாங்கள் போய் இறங்கும்போது ஆறரை. பிளாட்பாரத்தில் ஒரு வயதான அம்மா கையில் திறப்போடு நின்றார். இந்தப் பிழையை விட்டு வருகிற முதல் ஆள் நீங்கள் இல்லை என்று சொல்லி, அக்காவின் பையையும் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வெளிச்சம் இருக்கும்போதே அக்கா மதில்மேல் நடந்தார், பின்னால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனேன்.

'நான் பிழை விட்டுவிட்டேன்' என்ற ஒரு வசனத்தைச் சொல்லப் பயந்தா இருபது வருடம் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன் என்று நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, அதைவிட நிறைய நிம்மதியாக இருக்கிறது.