ஆயில் ஒழுகும்போது வணக்கம் எதற்கு?

மெக்சிகோவில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு ஆலை உண்டு. மெயின்டனன்ஸிலிருந்து ஒருவரை ஆறு மாதம் அங்கே அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும், ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரகடத்தில், இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் இருங்காட்டுக்கோட்டையில் என் அறையில் தங்கியிருந்த தென்காசிக்காரன். நான் போயே ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேன்டீனில் வகுப்பு. சென்னையிலிருந்து ஒரு டீச்சர் வருவார். பாடப் புத்தகம் இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதியது. ஸ்பானிஷில் 'யூ'வுக்கு இரண்டு வார்த்தை உண்டு என்று பக்கம் பக்கமாக விளக்கம். நீ, நீங்கள். இதற்கு ஒரு பாடமா? மற்றபடி கடற்கரை, ஓட்டல், ஒயின். போல்ட், ஆயில், ஸ்பேனர் எதுவும் கிடையாது. அவற்றை டீச்சரைக் குடைந்து கேட்டு மனப்பாடம் செய்தேன். ஷேர் ஆட்டோவில்கூட வினைச்சொற்களை முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் மந்திரம் என்று நினைத்திருப்பார்கள்.

தென்காசிக்காரனுக்கு வினைச்சொல் எதுவும் மண்டையில் நிற்காது. ஆனால் வாட்ச்மேன் முதல் டீ ஊற்றுபவர் வரை எல்லோருக்கும் "புவேனோஸ் தியாஸ்" என்று காலை வணக்கம் வைப்பான். வீட்டில் எல்லோரும் நலமா என்றும் ஸ்பானிஷிலேயே கேட்பான்.

வகுப்பில் டீச்சரும் முதலில் நலம் விசாரிக்கத்தான் சொல்வார்.

"மெஷின் நின்னு போச்சுன்னா, அவன் பொண்டாட்டி எப்டி கீதுன்னா மேடம் கேட்டுக்கினு இருப்பேன்?" என்றேன்.

"உங்களுக்கு மெஷினைத்தான் கட்டிவைக்கணும்" என்றார் டீச்சர்.

யாரை அனுப்புவது என்று முடிவு செய்ய மெக்சிகோவிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். அன்று காலை பார்த்துப் பெரிய பிரஸ்ஸில் ஆயில் ஒழுகியது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, எங்கே ஒழுகுகிறது, ஆயிலைத் தடுக்கும் எந்த ரப்பர் சீல் கிழிந்திருக்கிறது என்று ஸ்பானிஷில் பிசகாமல் சொன்னேன்.

அவர் கையை நீட்டி, "புவேனோஸ் தியாஸ்" என்றார்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, ஆயில் விஷயத்தை இன்னும் உரக்கச் சொன்னேன். நீட்டிய கை இறங்கவில்லை. "புவேனோஸ் தியாஸ்."

பின்னாலிருந்து தென்காசிக்காரன் கத்தினான்: "யண்ணே, அவரு வணக்கம்லா சொல்லுதாரு! நீங்க ஆயிலயே பிடிச்சுத் தொங்குதீய!"

ஆயில் கையோடு ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு பிரஸ்ஸுக்கு ஓடினேன். அவர்கள் இருவரும் இங்கிலீஷும் ஸ்பானிஷுமாகப் பேச ஆரம்பித்தார்கள். நான் சீல் மாற்றி முடித்தபோதும் அவர்கள் பேச்சு அவர் மகளின் பள்ளிக்கூடத்தைத் தாண்டவில்லை.

அவனைத்தான் அனுப்பினார்கள். அநியாயம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அவன் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அங்கிருந்து போன் செய்தான்.

"யண்ணே, இங்க பிரஸ்ல ஆயில் ஒழுவுது. சீலுக்கு ஸ்பானிஷ்ல என்னண்ணே? சீக்கிரம் சொல்லுங்க, எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்காவ."

நான் சாவகாசமாகச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"புவேனோஸ் தியாஸ்" என்றேன். "ஊட்ல எல்லாம் சௌக்கியமா?"