பச்சைச் சேலைச் சுவர்

மகளுக்கு வாங்கிய புது ஷூவின் பெட்டியைத் திறந்ததும் எழுந்த தோல் வாசனை, ஆம்பூரில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய தோல் கிடங்குக்கு என்னைக் கொண்டுபோய் விட்டது. இப்போது அங்கே கல்யாண மண்டபம் நிற்கிறது. இலங்கையிலிருந்து தப்பி வந்த சில குடும்பங்களை, முகாமில் இடம் கிடைக்கும்வரை, அந்தக் கிடங்கில்தான் தங்கவைத்திருந்தார்கள். எவ்வளவு கழுவியும் உப்பும் தோலும் கலந்த நெடி போகாத ஒரே கூடத்தில், கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டு வீடுகள் செய்துகொண்டார்கள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டுக்குக் கேட்கும்.

அங்கே தங்கியிருந்த என் வகுப்புத் தோழி வதனியைத் தேடி முதல்முறை போனபோது, ஒரு பச்சைச் சேலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த அவள் அம்மாவின் கை நின்றது.

"அது சுவர், பிள்ளை. வாசலால வா."

"எல்லாமே பொடவதானே ஆண்ட்டி? இதுல வாசல் எது?"

அவர் சிரிக்கவில்லை. எதிர்ப்பக்கம் கைகாட்டினார். அங்கேயும் சேலைதான், ஆனால் அதன் கீழே படிபோல ஒரு செங்கல், பக்கத்தில் செருப்புகள். சேலை எப்படிச் சுவராகும் என்று பல நாள் யோசித்துக்கொண்டே, தினமும் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

அவர்களை முகாமுக்கு ஏற்றிப்போக லாரி வந்த அன்று, சுவர்களையெல்லாம் அவிழ்த்து மடித்திருந்தார்கள். வதனி வீட்டில் வாசல் சேலை மட்டும் இன்னும் தொங்கியது. எந்தப் பக்கமும் நுழையலாம். நான் சுற்றிப் போய், செங்கல் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வதனியைக் கூப்பிட்டேன்.

"வாங்கோ" என்றார் அவள் அம்மா, உள்ளேயிருந்து.