நண்டு வண்டி கிளம்பும் வரை

சுண்ணாம்புக்குளத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அன்று ஒருவரும் ஏரியில் இறங்கக் கூடாது. இறங்கியவர்களும் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். நல்ல வழக்கம்தான். ஆனால் சிங்கப்பூரில் நண்டுக்காகக் காத்திருப்பவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது?

அவனுக்குப் புரியவைக்கிற வேலைதான் பானுப்ரியாவுக்கு. சென்னையில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் பல வருடம் இருந்தவள். நைனா கங்காதரன் படுத்த படுக்கையானதும் ஊருக்கே வந்துவிட்டாள். இங்கிருந்தபடியே படகுக்காரர், பெட்டி கட்டுகிறவர்கள், வண்டி ஓட்டுநர், விமானநிலைய ஆள், அக்கரையில் வாங்குகிறவன் என்று அத்தனை பேரையும் ஒரே போனில் கட்டி மேய்க்கிறாள். நண்டு உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை. நாளெல்லாம் போன் அடிக்கும்; 'சாப்பிட்டியா' என்று கேட்க ஒரு போன் வராது. கல்யாணம் ஆகவில்லை. பேச்சுத்துணைக்கு நைனா ஒருவர்தான். சரக்கு சேர்ந்த சேதி வந்ததும் கட்டிலில் கிடந்தபடி அவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"எத்தினி செத்துச்சும்மா?"

போன மாதம் பக்கத்து வீட்டு ஜெயம்மாவின் புருஷன் இறந்தபோது சரக்கு நின்றுபோனது. அன்று பானு அவளிடமே போய் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, வண்டி போறவரைக்கும் வெளிய சொல்லாம இருக்க முடியுமா?" ஜெயம்மா அவளை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் ஊர் கேட்க ஓவென்று அலறினாள். இன்னொரு முறை நின்றால் வேறு ஊர் பார்த்துக்கொள்வேன் என்று சிங்கப்பூர்க்காரன் சொல்லிவிட்டான். பிறகு பானுவை நம்பி நண்டு பிடிக்கிற குடும்பங்கள் எங்கே போகும்?

அடுத்த சரக்கு நாளன்று காலையில் நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு விக்கல். அவ்வளவுதான்.

படகுகள் ஏரியில் இருந்தன. அழுதால் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். வாய் திறந்துகொள்ளாமல் நாடியைக் கட்ட வேண்டும், கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டினால் எட்டிப் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் படகுக்காரர் தனக்கோடி.

"அண்ணே, கரைக்கு வந்துட்டீங்களா? ஈரச் சாக்கு போட்டு மூடுங்க. வெயில் படக்கூடாது."

"இன்னாம்மா, கொரலு ஒரு மாரி கீது?"

"சளிண்ணே."

சரக்கோடு எளாவூரைத் தாண்டிவிட்டதாக வண்டி ஓட்டுநர் சொன்னபோது உச்சிவெயில். அதன் பிறகுதான் கதவைத் திறந்து ஜெயம்மாவைக் கூப்பிட்டாள்.

ஓடிவந்த ஜெயம்மா, நைனாவின் திறந்திருந்த வாயை மூடப் பார்த்தாள். தாடை விறைத்துப்போய் அசையவில்லை. போன மாதம்தான் புருஷனுக்கு நாடி கட்டியவள், உயிர் போய் வெகுநேரம் ஆனது அவளுக்குத் தெரியாதா? திரும்பிப் பார்த்து, பானுவுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வண்டி பூட்ச்சா?"

"பூட்ச்சுக்கா."

ஜெயம்மா ஒரு துண்டை எடுத்து அந்த வாயை மறைத்துக் கட்டினாள். பிறகு பானுவுக்கும் சேர்த்து அவளே ஒப்பாரி வைத்தாள். பானுவுக்கு அழுகை வரவில்லை. காலையில் அடக்கியது அடங்கியே போய்விட்டது. பெற்ற மகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள், எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு சிங்கப்பூரிலிருந்து சேதி வந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை, இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததே இல்லை என்று பாராட்டியிருந்தான்.

"ஒண்ணுகூட சாவல நைனா" என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே திரும்பினாள். கட்டிலைக் கழுவி வெளியே சாய்த்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் அழுதாள், சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டால் கேட்கட்டும் என்று.