வகுபடாத ஒன்பது இலக்கம்

சிவபாக்கியத்துக்குத் தனக்கே தனக்கென்று இருந்தது ஓர் எண்தான். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். லயத்து வரிசை வீட்டில் சுவரும் பொது, தண்ணீர்க் குழாயும் பொது. ஆனால் அடையாள அட்டையிலிருந்த அந்த ஒன்பது இலக்க எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. ஓ.எல். பரீட்சையில் கணக்கு மட்டும் பாஸான அவள், அதன் வர்க்கமூலமான இருபத்தாறாயிரத்துச் சொச்சம் வரையுள்ள முதன்மை எண்கள், அதாவது பகா எண்கள், ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்திருந்தாள். கிட்டத்தட்ட மூவாயிரம் கணக்கு, நாலு வருஷம்.

அட்டை மங்கிவிட்டதென்று புதியதற்கு எழுதிப் போட்டதுதான் மடத்தனம். கிராம சேவகர் நீட்டிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம் இருந்தது.

"பழைய நம்பர்தான். முன்னால பத்தொன்பது, நடுவுல ஒரு பூச்சியம். அவ்வளவுதான்" என்றார் அவர்.

பழைய இலக்கங்களின் கூட்டுத்தொகை முப்பத்தெட்டு. புதிதாக வந்த ஒன்றும் ஒன்பதும் சேர்ந்தால் நாற்பத்தெட்டு. கூட்டுத்தொகை மூன்றால் வகுபட்டால் எண்ணும் வகுபடும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாலு வருஷ வேலையை ஒரு பத்தொன்பது நாசமாக்கிவிட்டது.

"பழசையே குடுத்துருங்கய்யா."

"அது இனிச் செல்லாதும்மா. பிழை இருந்தா இந்தப் படிவத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

'பிழைகள்' என்ற கட்டத்தில், 'மூன்றால் வகுபடுகிறது' என்று தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

அவர் வாசித்தார். சிவப்புப் பேனாவால் அதை வெட்டி, மேலே 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துக்காக அவள் பக்கம் தள்ளினார்.