சிவப்புப் பனியன் கிளப்பின் கேப்டன்

எங்கள் கேப்டனுக்கு இடது கையில் இரண்டு விரல்களும் வலது கையில் ஒரு விரலும் நேராக நீளாது. கையுறை என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாத காலத்தில் வெறுங்கையால் கோல் காத்தவர். மழையில் ஊறிய தோல் பந்து கருங்கல் மாதிரி வந்து மோதும். விரல் பிசகினால் வேட்டி ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போவார். அப்படிக் கோணலாகக் கூடிய விரல்கள் அவை. அந்த விரல்களோடுதான் காலையில் காஜிமார் தெருவில் தன் குடும்பத்துத் தொப்பிக் கடையில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோப்பார். ஒரே தடவையில் நூல் காதுக்குள் போய்விடும். நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

கிளப்பை ஆரம்பித்தவர் அவர்தான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறு எங்கும் இது எழுதப்படவில்லை. இருபதுகளின் நடுவில், கோடையில் வைகை வறண்டதும், செல்லூர் நெசவாளர்கள் சிலரும் சாயப்பட்டறை ஆட்களும் இவரும் சேர்ந்து ஆற்று மணலில் பந்து விளையாடத் தொடங்கினார்கள். நான் பசுமலைப் பள்ளியில் பந்து பழகியவன். இடது காலால் அடிப்பேன் என்று கேள்விப்பட்டு அவரே சைக்கிளில் வந்து என்னைக் கூட்டிப்போனார். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் உடுப்பு வேண்டுமே என்றபோது, சாயப்பட்டறை ஆள் ஒருவர் எங்கள் பனியன்களை எல்லாம் மிச்சச் சாயத்தில் முக்கி எடுத்தார். நல்ல சிவப்பு. வியர்த்தால் சாயம் உடம்பெல்லாம் ஒட்டும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அடிபட்டு வந்தோமோ என்று பெண்கள் பதறுவார்கள். ஊர் எங்களைச் சிவப்புப் பனியன் கிளப் என்றே சொன்னது. வேறு பெயர் வைக்க எங்களுக்கும் தோன்றவில்லை.

சில வருஷங்களில் திண்டுக்கல், திருநெல்வேலி என்று வெளியூர் போய் ஜெயித்துவர ஆரம்பித்தோம். அப்போதுதான் நகரத்து நூல் மில் ஒன்றின் துரை எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். மறுவாரமே ஆள் வந்தது. பதினோரு பேருக்கும் மில்லில் வேலை. மதியம் வரைதான் வேலை, அப்புறம் பயிற்சி. சொந்த மைதானம், கம்பி வேலி, வலை கட்டிய கோல், ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ். உடுப்பு மட்டும் மில்லின் நீலம். நாங்கள் பந்து விளையாடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஆனோம். தறியில் முதுகொடிந்த வீடுகளில் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று சொல்லத் தேவையில்லை. கேப்டன் ஒருவர்தான் நீலச் சட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “துணி நல்ல துணிதான் தம்பி. உள்ள இருக்கிறது நம்மதான்னு மறக்காம இருந்தாச் சரி” என்றார். நாங்கள் பூட்ஸைப் போட்டு நடந்து பார்ப்பதில் மும்முரமாக இருந்தோம்.

முப்பதுகளின் பின்பகுதியில் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. அதற்கு வெகு நாள் முன்பே கேப்டன் திருநெல்வேலி டீம் ஒன்றுக்குக் கடிதம் எழுதி ஆட்டத்துக்கு அழைத்திருந்தார். அவர்களும் நாள் குறித்துப் பதில் போட்டிருந்தார்கள். அந்த நாள் வேலைநிறுத்தத்துக்கு நடுவில் வந்து விழுந்தது. ஆட்டம் மில் மைதானத்தில் நடந்தே தீரவேண்டும், எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று ஊர் பார்க்கவேண்டும் என்றார் துரை. மில் மைதானத்தில் கால் வைக்கிறவன் கருங்காலி என்றது சங்கம். கேப்டன் இரண்டையும் கேட்டுக்கொண்டார். பிறகு தன் முடிவைச் சொன்னார்: மில் மைதானமும் வேண்டாம், நீலமும் வேண்டாம். பழையபடி ஆற்று மணலில், சிவப்புப் பனியனில் ஆடுவோம். கூப்பிட்டவர்கள் நாம், வருகிறவர்கள் விருந்தாளிகள்.

இது இரண்டு பக்கத்துக்கும் பிடிக்கவில்லை. வெளியே ஆடுகிறவன் மில் திறந்ததும் உள்ளே வரவேண்டாம் என்று துரை சொல்லி அனுப்பினார். சங்கத்துக்காரர்களோ, சோத்துக்கே வழியில்லாதப்ப பந்தாட்டமா என்று முகம் சுளித்தார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள் கேப்டன் காலையிலிருந்து ஒவ்வொரு வீடாக நடந்தார். செல்லூரில் ஆறு பேர், அரசரடியில் மூன்று பேர். எல்லோரும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். “முடியாதுண்ணே. புள்ளகுட்டிக்காரன்.” அவர் வற்புறுத்தவில்லையாம். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிருக்கிறார்.

கடைசியாக என் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார், செருப்பில்லாத காலெல்லாம் புழுதி.

“நீ என்ன சொல்ற தம்பி?”

மற்றவர்களைப்போல் நானும் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நாளெல்லாம் நடந்து களைத்த அந்த முகத்தைப் பார்த்து அந்தச் சொல் எனக்கு வரவில்லை. அவர் சீக்கிரம் போய்விட்டால் நல்லது என்று மட்டும் தோன்றியது.

“வாரேண்ணே.”

அவர் முகம் அப்படியே மாறியது. “போதும். ரெண்டு பேர் போதும். நான் கோல்ல நிக்கிறேன், நீ முன்னால ஓடு. மிச்ச ஆள அவங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கலாம்” என்று சிரித்தார். என் தோளைத் தட்டிவிட்டு, பசுமலையிலிருந்து காஜிமார் தெரு வரைக்கும் திரும்ப நடந்தே போனார்.

மறுநாள் பனியனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போகவேண்டும் என்றுதான் கிளம்பினேன். ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. கீழே மணலில் மூங்கில் கழிகளை நட்டு கோல் கட்டியிருந்தார். இரண்டு கோலையும் அவர் ஒருவரேதான் நட்டிருக்கவேண்டும். திருநெல்வேலி டீம் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும் சிவப்புப் பனியனில் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மணல்வெளியில் அந்தச் சிவப்பு ஒரு பொட்டு மாதிரித் தெரிந்தது.

இறங்கும் படி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சற்றுத் தள்ளி எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் நிற்பதைப் பார்த்தேன். அவரைத் தாண்டி இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். கிளப்பில் பாதிப்பேர் அந்தப் பாலத்தில்தான் இருந்தோம், ஒவ்வொருவரும் தனித்தனியாக, வேறு எதையோ வேடிக்கை பார்க்க வந்தவர்களைப்போல. ஒருவர் கண்ணை ஒருவர் சந்திக்கவில்லை.

நேரம் போய்க்கொண்டே இருந்தது. திருநெல்வேலிக்காரர்கள் எழுந்துவந்து அவரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு அவர்களே ஆறு, ஐந்தாகப் பிரிந்துகொண்டார்கள். ஐந்து பேர் பக்கம் இவர் கோலில் நின்றார். அப்படித்தான் அந்த ஆட்டம் நடந்தது. முன்பின் தெரியாத அந்த ஐந்து பேரையும் அவர் எங்களைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டு ஆடினார். இடது ஓரம் ஓடிய பையனைப் பார்த்து, “போ தம்பி, போ, நானிருக்கேன்” என்று கத்தியது பாலம்வரைக்கும் கேட்டது. எனக்குச் சொல்கிற வார்த்தை. வெட்கம் தாங்காமல் நான் அதோடு நடையைக் கட்டினேன். பனியன் பைக்குள்ளேயே இருந்தது.

ஒரு மாதத்துக்குள் சமாதானமாகி மில் திறந்தது. எங்களை எல்லாம் உள்ளே விட்டார்கள். கேப்டனை மட்டும் வாசலில் நிறுத்தி, பட்டியலில் உன் பேர் இல்லை என்றார்கள். நாங்கள் அவருக்குப் பின்னாலேயே வரிசையில் நின்றிருந்தோம். அவர் ஒதுங்கி எங்களுக்கு வழிவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே என்னைக் கேப்டனாக்கினார்கள். நானும் சரி என்றேன். அடுத்த இரண்டு வருஷம் கோப்பைகளாக வந்து குவிந்தன. கிளப் அறையில் ஒரு பலகை மாட்டினார்கள்: தோற்றுவித்தவர் என்று துரையின் பெயர், அதற்குக் கீழே கேப்டன்கள் வரிசையில் முதல் பெயராக என்னுடையது.

அவர் மதுரையை விட்டே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு கல்யாணத்துக்காக எழுமலைக்குப் போனேன். கரியில் ஓடுகிற பஸ் திரும்பிப் புறப்பட நேரமிருந்தது. கடைத்தெருவில் நடந்தபோது ஒரு சின்னக் கடையில் தொப்பிகள் தொங்குவதைப் பார்த்தேன். உள்ளே அவர். தாடி நரைத்திருந்தது. தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர், அதனால் அங்கே வந்ததாகச் சொன்னார். என்னைப் பார்த்து எழுந்து நின்று, முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

“பிறந்தது பையனா, பொண்ணா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“பொண்ணுண்ணே.”

“மாஷா அல்லாஹ். கிளப் எப்படி இருக்கு? யாரு கேப்டன்?”

“நான்தாண்ணே.”

“நல்லது. உனக்குக் கண்ணு நாலா பக்கமும் போகும். நீதான் சரி.”

அதில் குத்தல் ஏதும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீ வரவழைத்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டே அன்றைக்கு வரமுடியாமல் போனதைப்பற்றி நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார்.

“பாலத்துல நின்ன, பாத்தேன். எல்லாரையும் பாத்தேன். வேலை போயிரும்னு பயந்தது தப்பு இல்ல தம்பி. மத்தவங்க வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க, அவங்கள நான் எதிர்பாக்கல. நீ வர்றேன்னு சொன்னியா, அதான் அரை மணி நேரம் ஆட்டத்த ஆரம்பிக்கவிடாம அந்தப் பயலுகள உட்கார வச்சிருந்தேன். இந்தா வந்துருவான், இந்தா வந்துருவான்னு. பாலத்துல ஆளு நிக்கிறது தெரியுது, இறங்குறியா இல்லையான்னு தெரியல.”

அப்போது ஒரு தகப்பன் தன் மகனுக்குத் தொப்பி வாங்க வந்தார். கேப்டன் எழுந்துபோய்ப் பையனின் தலையை நூலால் அளந்தார். நான் ஆறிப்போன டீயைக் குடித்துமுடித்தேன். பஸ் ஹாரன் அடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப் செக்ரட்டரியிடம் போய் இனி ஆடப்போவதில்லை என்று சொன்னேன். அவர் பதறிப்போய் ஏன் என்று கேட்டார். வழியெல்லாம் என்ன சொல்லவேண்டும் என்று கோத்துக்கொண்டுதான் போயிருந்தேன். பலகையில் முதலில் இருக்கவேண்டிய பெயர் என்னுடையதல்ல என்பதிலிருந்து தொடங்குவதாக இருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் பேனாவோடு அவர் காத்திருந்தார்.

“முழங்காலில் வலி” என்றேன்.

கிளப் இன்றும் இருக்கிறது. மில்லுக்கு முதலாளிகள் மாறினார்கள், நீலம் மட்டும் மாறவில்லை. ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்துப்போய்ச் சால்வை போர்த்தி, கிளப்பின் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் கேப்டன் முழங்கால் வலியால் விலகினார் என்று அதில் போட்டிருக்கிறது. ஆற்று மணலைப்பற்றி ஒரு வரிகூட இல்லை.