மைனி பாடிய துக்கப்பாட்டு

அண்ணன் குவைத்திலிருந்து கொடுத்துவிட்ட அந்தக் கறுப்பு ஸ்பீக்கரை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்தே வரும். ஒரு மாதம் முழுக்க அதைக் காலை முதல் மாலை வரை அலறவிட்டேன். குத்துப்பாட்டு, கல்யாணப்பாட்டு, கிறிஸ்துமஸ் பாட்டு என்று எதையும் விடவில்லை. எல்லாம் என் மைனிக்காக, அதாவது அண்ணனின் மனைவிக்காக. பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம் அவள் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நேரத்துக்குப் பால் கொடுப்பாள், கொடுத்ததும் பிள்ளையை என் பக்கம் தள்ளிவிடுவாள். அவனைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரை எழுதிவிட்டு, "உங்களுக்குப் பாட்டுன்னா உயிராமே, பாடுங்க" என்று மைனியிடம் சொன்னார். பாட்டு என்றால் சந்தோஷப் பாட்டுதான் என்று பக்கத்தில் நின்ற நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

மைனிக்குச் சொந்த ஊர் இராஜாக்கமங்கலத்தை ஒட்டிய கடற்கரை. எங்கள் வீடு கொட்டாரம் பக்கம். தவக்காலத்தில் பெண்கள் கோயிலில் கூடி, மகனின் உடலை மடியில் வாங்கிய மாதாவின் துக்கத்தைப் பாடுவது இரண்டு ஊரிலும் வழக்கம். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் கடைசி வரியை வாங்கிப் பாடுவார்கள். மைனி எடுத்துக்கொடுத்தால் பின்னால் நிற்கும் ஆண்கள்கூடக் கண்ணைத் துடைப்பார்களாம். ஆனால் அந்தப் பாட்டுக்கு ஒரு கட்டு உண்டு. இயேசு உயிர்விட்ட பெரிய வெள்ளியோடு அதை முடித்துவிட வேண்டும். மற்ற நாளில் வீட்டுக்குள் பாடினால் சாவை வலிய அழைக்கிற மாதிரி என்று பயப்படுவோம்.

டிசம்பரில் ஒரு நாள் நான் வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே அந்தப் பாட்டு கேட்டது. தொட்டிலில் ஆண்பிள்ளை, பக்கத்தில் இறந்த மகனைப் பாடும் தாய். என் அம்மாவுக்குப் பயத்தில் உயிரே போய்விட்டது. "ஏட்டி, பிள்ளைய எடுத்துட்டு வெளிய போ" என்றாள். நான் அவனை அள்ளிக்கொண்டு, போகிற போக்கில், "மைனி, இந்தப் பாட்டு வேண்டாம்" என்று சொல்லி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டேன். அவள் வாயை மூடினாள். இரண்டு நாள் சோறும் இறங்கவில்லை, பேச்சும் வரவில்லை. தொட்டிலை எங்கள் அறைக்கு மாற்றினோம். ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மறுபடி நெய்யூருக்குப் போனோம். டாக்டரம்மா எங்களைத் திட்டவில்லை. "பிள்ளைய ஏதாவது செய்யணும்னு தோணுதா?" என்று மைனியிடம் நேராகவே கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். "எனக்கு அழணும். அழுகை வரமாட்டேங்குது. அந்தப் பாட்டுல வரும்" என்றாள். "அப்போ பாடட்டும்" என்றார் டாக்டரம்மா. "மாத்திரைய நிறுத்தாதீங்க. தனியா மட்டும் விடாதீங்க."

மனசு சரியில்லையா, நல்ல பாட்டாகக் கேள் என்று இன்றைக்கு ஆளாளுக்கு செல்போனில் அனுப்புகிறார்கள். பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உள்ளே அடைத்துக்கிடப்பதற்கு எது வழி விடுகிறதோ அதுதான் அவரவருக்கு நல்ல பாட்டு. அதுவும் ஒரே நாளில் யாரையும் குணமாக்கிவிடாது. மைனிக்கு மாத்திரை அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஓடியது. இப்போது எங்கள் கோயிலில் பாடகர் குழுவை அவள்தான் மேய்க்கிறாள். சுதி தப்பினால் நாத்தனார் என்றும் பார்க்காமல் என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுவாள்.

ஆனால் அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் அவள் பாடவில்லை. நாங்கள் அடைத்த வாய், நாங்கள் சொன்னதும் திறந்துவிடுமா? மறுநாள் மத்தியானம் அம்மா ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் மைனியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். என் அம்மா வாய்திறந்தால் கோயிலில் முன்வரிசை திரும்பிப் பார்க்கும், அப்படியொரு குரல். அவள், தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்கும் நாளில், பெரிய வெள்ளிப் பாட்டை எடுத்தாள். இரண்டாம் வரியிலேயே ராகம் எங்கோ போய்விட்டது.

"மாமி, அங்க தாழ்த்திப் பாடணும்" என்றாள் மைனி, சுவரைப் பார்த்தபடியே.

"எனக்கு எங்க வருது. நீ பாடு மக்கா, நான் வாங்குதேன்."

மைனி எழுந்து உட்கார்ந்து பாடினாள். நாலைந்து வரிகளில் அழுகை வந்துவிட்டது. நிறுத்தி அழுதாள், மறுபடி பாடினாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் தப்பு ராகத்தில் வாங்கினாள். பக்கத்து வீட்டு அக்கா பதறி வந்து, "யாரு போனது?" என்றாள்.

"யாரும் போகல்ல. என் மருமவ பாடுதா, நீயும் இரி" என்றாள் அம்மா. அக்காவும் தரையில் உட்கார்ந்து கடைசி வரியை வாங்கினாள்.

பாட்டு முடிந்தது. மைனி நைட்டியின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் பிள்ளையோடு நின்ற என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, என் பிள்ளைய இஞ்ச தா."

எனக்குக் கை வரவில்லை. உண்மையைச் சொன்னால், அப்போதும் எனக்குப் பயம்தான். அம்மா மைனியை இன்னும் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "குடு" என்றாள்.

கொடுத்தேன்.