நாலாவது கிளட்ச் கேபிள்

சைனா பைக் வந்திறங்கிய அன்று நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போது எனக்கே என் வாயின் மேல் கோபம் வருகிறது. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம். என் கணவர் கல்யாணமான புதிதிலேயே அதற்குப் பழகிவிட்டார். நான் ஒரு மூச்சு பேசி முடிக்கும்வரை கையிலிருக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு டீ இருக்கிறதா என்பார்.

ஆக்லாந்துக்கு வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. பாபடோயிட்டோயில் வாடகை வீடு, ஒரே ஒரு கார். நான் முதியோர் இல்லத்தில் நர்ஸ், ஷிஃப்ட் நேரம் வாரத்துக்கு வாரம் மாறும். அவருக்கு மங்கரேயில், விமான நிலையத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டாவதாக ஒரு பழைய கார் பார்க்கலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் போய் ஒரு பைக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார். தார் ரோட்டிலும் ஓடுமாம், மண் ரோட்டிலும் ஓடுமாம். ஜப்பான்காரன் வண்டி ஒன்று வாங்குகிற விலையில் இதில் மூன்று வாங்கலாமாம். மூன்று வாங்கினால்தான் ஒன்று ஓடும் என்றேன்.

இரும்புச் சட்டமும் அட்டையுமாக ஒரு பெட்டியில் வந்தது. ஹேண்டிலையும் முன்சக்கரத்தையும் கராஜில் உட்கார்ந்து அவரே மாட்டினார். சீட் என் இடுப்புக்கு மேலே நின்றது. டாங்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒரு மூலையில் அப்போதே உரிய ஆரம்பித்திருந்தது. அதைக் காட்டி நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இணையத்தில் ஒரு கூட்டமாக இருந்தார்கள். வாங்கியதும் ஓட்டாதே, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மரையில் பசை தடவி, மறுபடி முறுக்கு என்பது அவர்களுடைய வேதம். முறுக்கியபின் நட்டிலிருந்து பக்கத்து இரும்புவரை ஒரு கோடு இழுக்க வேண்டும். பிறகு எப்போதாவது கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கோடு போட என் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டார். ஊரில் புது வண்டிக்கு ஒரு பொட்டு வைத்தால் போதும், உங்கள் வண்டிக்கு நட்டுக்கு நட்டு பொட்டு வைக்க வேண்டியிருக்கிறதே என்றேன். அதற்கும் டீதான் கேட்டார்.

அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதான். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவர் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஸ்பானரால் ஸ்போக்குகளைத் தட்டிப் பார்ப்பார். நான் கராஜ் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ வெறுமனே உட்கார்ந்துகொண்டோ வண்டியைத் திட்டுவேன். திட்டுவதற்கு அது குறை வைத்ததே இல்லை. முதல் மழையில் ஹாரனுக்குத் தொண்டை கட்டியது. ஒரு இண்டிகேட்டர் கிரேட் சவுத் ரோட்டில் எங்கோ விழுந்து போனது. ஒரே குளிர்காலத்தில் ஸ்போக்கெல்லாம் துரு. ஆனால் ஒன்று, காலையில் பட்டனை அழுத்தினால் ஒருநாளும் கிளம்பாமல் இருந்ததில்லை. அதை மட்டும் நான் வாய் திறந்து சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்பதையும்தான்.

மூன்றாவது வருடம் அவர் கையிலிருந்து நட்டுகள் விழ ஆரம்பித்தன. புல்லில் தேடுவார், நானும் தேடுவேன். போல்ட்டின் மரை சரியில்லை, நட்டு ஏறவே மாட்டேன் என்கிறது என்பார். சைனாக்காரன் மரை என்பேன். அப்புறம் கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். சிக்னலில் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லையாம். கேபிளைக் கழற்றித் துணி காயப்போடும் கம்பியில் நெட்டுக்குத் தொங்கவிட்டு, மேல்முனையில் ஒரு சின்ன பாலிதீன் பையைக் கட்டி எண்ணெய் ஊற்றி, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்க வைத்தார். என் யூனிபாரத்தில் கறை பட்டதுதான் மிச்சம். புதிய கேபிள் வாங்கினார். இரண்டு வாரம் பரவாயில்லை என்றார், பிறகு மறுபடியும் இறுக்கம் என்றார். இன்னொரு கேபிள் வந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சிக்னலில் லீவரிலிருந்து விரல் நழுவி, வண்டி துள்ளிக் குதித்து, ஆளோடு சாய்ந்துவிட்டது. முழங்கையில் நல்ல சிராய்ப்பு. டெட்டால் வைத்துத் துடைத்தது நான்தான். கிளட்ச் சரியில்லை, கிளட்ச் சரியில்லை என்று அவர் முனகிக்கொண்டிருக்க, எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அன்றைக்கு அவர் டீ கேட்கவில்லை.

மூன்றாவது கேபிளை மாட்ட அவருக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அதோடும் சரியாகவில்லை. ரோட்டில் ஓடத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் வாரண்ட் சோதனைக்கு வண்டியை வழக்கமாகக் கொண்டுபோகும் மெக்கானிக் பாபடோயிட்டோயிலேயே இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும். அவரிடம் காட்டச் சொன்னேன். இவர் வண்டியில் போக, நான் காரில் பின்னால் போனேன். மெக்கானிக் கேபிளைப் பார்த்தார், எஞ்சின் பக்கத்தில் கழற்றிப் பார்த்தார், மாட்டினார். பிறகு லீவரை இரண்டே விரலால் பிடித்து விட்டார். இன்னொரு முறை பிடித்து விட்டார்.

"கிளட்ச்சில ஒரு பிழையும் இல்லைத் தங்கச்சி. நல்ல லேசா இருக்கு" என்றார்.

நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். இது சைனா வண்டி, பிழை இல்லாமல் எப்படி இருக்கும், உள்ளே பிளேட் போயிருக்கலாம், ஸ்பிரிங் போயிருக்கலாம், நன்றாகப் பாருங்கள் என்று ஏதேதோ சொன்னேன். ஒரு சைனாப் பொருள் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டது அன்றுதான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கணவரை லீவரைப் பிடிக்கச் சொன்னார். இடது கையின் நாலு விரலும் போட்டுப் பிடித்தார். பாதிதான் வந்தது. கை நடுங்கியது.

"தம்பியின்ர கையை ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்றார் மெக்கானிக், என்னைப் பார்க்காமல்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு காரில் திரும்பினோம். பாதி வழியில் அவர், "கூடம் நேராத்தான் இருக்காம்" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை விளக்குக்குக் கீழே அந்தக் கையை விரித்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒருநாளில் விழுந்த குழி அல்ல. முதியோர் இல்லத்தில் தினமும் பத்துப் பேரிடம் என் விரலை இறுக்கிப் பிடியுங்கள் என்று சொல்லி, பிடியின் பலத்தைப் பார்த்து எழுதி வைப்பது என் வேலை. ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. பல மாதமாக என் கண்ணெதிரே நட்டைத் தவறவிட்ட கையை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தேதி கிடைக்க ஏழு வாரம் ஆனது. அங்கே சொன்ன நோயின் பெயரை எழுத எனக்கு மனமில்லை. தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். புத்திக்கு ஒன்றும் ஆகாது, காதுக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. நர்ஸாக எனக்கு அது முன்பே தெரியும். மனைவியாக அன்று புதிதாகக் கேட்டேன்.

இடது கை போனது, பிறகு வலது கை, பிறகு கால்கள். மெக்கானிக் வீட்டில் கொண்டுவந்து விட்டுப்போன வண்டியை விற்கலாமா என்று கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை கராஜுக்கு நடத்தி வந்து, பிறகு தள்ளி வந்து, நான் கோடுகளைப் பார்த்தேன். எந்த நட்டு, எந்த ஸ்பானர் என்று அவர் சொல்வார். அழிந்த கோடுகளை நெயில் பாலிஷால் மறுபடி போட்டேன். எஞ்சினைக் கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். எல்லாம் செய்தேன், ஆனால் வண்டியைத் திட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டேன். கூடம் கோணல் என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு நானே எனக்கு விதித்துக்கொண்ட தண்டனை அது. கராஜில் ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை. ஒன்றரை வருடம் அப்படிப் போனது. மன்னித்துவிடுங்கள் என்று கேட்கவும் வாய் வரவில்லை. நீளமான வாய் அதற்கு மட்டும் உதவவில்லை.

மின்சாரச் சக்கர நாற்காலி வந்தபோது கராஜில் இடம் தேவைப்பட்டது. விற்க விளம்பரம் போட்டேன். மங்கரேயிலிருந்து ஒரு சமோவாக்காரர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அன்று காலை, வண்டியோடு கொடுப்பதற்காக உதிரி சாமான்களையெல்லாம் ஒரு பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவை கிடந்த டப்பாவின் அடியில் பிரிக்காத பாக்கெட் ஒன்று இருந்தது. கிளட்ச் கேபிள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் தேதி இருந்தது. மெக்கானிக் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லி மூன்று வாரம் கழித்து வாங்கியது. ஆஸ்பத்திரித் தேதிக்காகக் காத்திருந்த நாட்கள்.

நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு அதைக் காட்டினேன். கைதான் என்று தெரிந்த பிறகு இது எதற்கு என்று கேட்டேன். பேச்சு அப்போதே குழறத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நான் காத்திருக்க வேண்டும்.

"ரெண்டாவது கேபிள் மாத்தும்போதே தெரியும், கைதான்னு" என்றார்.

நான் அன்றைக்குச் சொன்ன சொல்லுக்கு முன்பேவா என்றேன். ஆமாம் என்று கண்ணை மூடித் திறந்தார். அப்புறம் எதற்கு மூன்றாவது, எதற்கு இது?

"கேபிள் வந்தா நீ வண்டியத் திட்டுவ. நீ திட்டறதக் கேட்டா... ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, "ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

அந்த ஒன்றரை வருடத்தை நான் எங்கே போய்த் திரும்ப வாங்குவேன்? தண்டனை எனக்கு என்று நினைத்து அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். தலையைத் தடவ அவருக்குக் கை இல்லை.

அப்போதுதான் வாங்க வந்தவர் வாசலில் நின்று ஹலோ என்றார். நல்ல உயரம், தலையில் ஹெல்மெட். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், சிவப்புக் கோடுகளைத் தொட்டுப் பார்த்தார். கிளட்ச்சைப் பிடித்து விட்டு, லேசாக இருக்கிறதே என்றார். பிறகு, ஏதாவது குறை இருக்கிறதா என்று கேட்டார்.

ஆரம்பித்தேன். முதலில் ஆங்கிலத்தில்தான். ஹாரன் மழைக்குப் பயந்தது, இண்டிகேட்டர் எங்கே விழுந்ததோ இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்றேன். போகப் போகத் தமிழ் வந்துவிட்டது. இந்தத் தகர டப்பாவை நம்பி ஒருத்தர் பொண்டாட்டி பேச்சைக் கேட்காமல் வாங்கினாரே, இதன் ஸ்போக்குக்குத் துருப்பிடிக்க மழை கூட வேண்டாம், மழை என்று சொன்னாலே போதும், ஜப்பான்காரன் ஒன்று செய்தால் அது பைக், இவன் செய்தது நட்டு மூட்டை என்று ஒன்றரை வருடத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டினேன். நாற்காலியில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். அந்த நோயில் சிரிப்பு வந்தால் நிற்காது, அழுகையும் அப்படித்தான். கண்ணிலிருந்து நீர் வழிய, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். எது சிரிப்பு, எது அழுகை என்று எனக்குத் தெரியவில்லை. நானும் நிறுத்தவில்லை.

வந்தவர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யோசித்துச் சொல்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்ப அழைக்கவில்லை.

வண்டியைச் சுவரோரம் தள்ளி நாற்காலிக்கு இடம் பண்ணினேன். அதற்குப்பின் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகள் கிடைத்தன. ஒன்றில்கூட நான் வாயை மூடவில்லை. பதினேழாவது ஞாயிறு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். கராஜ் கதவை யாரும் திறக்கவில்லை.

இப்போதும் போய் லீவரை இரண்டு விரலால் பிடித்துப் பார்க்கிறேன். லேசாகத்தான் இருக்கிறது.